கேட்க வேண்டியது ரைபிள் அல்ல, எழுத்து மூலமான உத்தரவு!

 

போன மாதம் நம் பொதுக்குழு மூலக்குளத்தில் கூடியபோது நிகழ்ச்சி நிரலில் இருந்தது மூன்று விஷயம். கரும்புப் பணம், வாய்க்கால் தூர் வாருவது, பயிர்க் காப்பீடு. மூன்றில் ஒன்றைக்கூட அன்று தொட முடியவில்லை. காட்டுப்பன்றி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

சங்கராபரணி ஓரம் ஒன்றரைக் காணி மல்லாட்டை போட்டிருந்த நம் உறுப்பினர் ஒருவர் உரச்சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேடைக்கு முன்னால் கொட்டினார். வேரோடு புரட்டிப் போட்ட செடிகள். ஒரு காய் இல்லை. பிடுங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கூலிக்கு ஆள்கூடச் சொல்லி வைத்துவிட்டார். "ஒரே ராத்திரிங்க. பன்னி ஏர் ஓட்டின மாதிரி ஓட்டிட்டுப் போயிருக்கு" என்றார். அவ்வளவுதான் பேசினார். பிறகு மற்றவர்கள் பேசினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தார். "ஆஸ்திரேலியாவுல, நியூசிலாந்துல விவசாயி கையில பாயிண்ட் 22 ரைபிள் இருக்கு. நமக்கு மட்டும் தகரமும் பட்டாசுமா? லைசென்ஸ் கேட்டுத் தீர்மானம் போடுங்க. அதுவும் செமி ஆட்டோமேட்டிக்கா கேளுங்க. பன்னி கூட்டமா வருது. ஒண்ணொண்ணா சுட்டுக்கிட்டு இருக்க முடியுமா?" என்றார். பலத்த கைத்தட்டல். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து விவசாயம் பார்க்கும் இன்னொரு உறுப்பினர் எழுந்து, "கேக்கறதுன்னா போல்ட் ரைபிளாக் கேளுங்க. மத்தது நம்ம ஊருக்கு ஆகாது" என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டீ இரண்டு தரம் வந்தது. இரவு ஒன்பதரை மணிக்கு, "நிர்வாகக் குழு ஆராய்ந்து துண்டறிக்கையில் எழுதட்டும்" என்று முடித்தோம். அந்த எழுத்துதான் இது.

முதலில் ரைபிள் விஷயத்தையே பேசிவிடுவோம். தம்பிகள் கேட்டது ஒதுக்கித் தள்ளுகிற கேள்வி அல்ல.

பாயிண்ட் 22 என்பது சின்னத் தோட்டா. குண்டின் எடை சுமார் இரண்டரை கிராம். வெடிக்கிற மருந்து தோட்டாவின் அடி விளிம்பிலேயே இருக்கும். ரைபிளின் ஊசி அந்த விளிம்பில் அடித்தால் வெடிக்கும். விலை குறைவு, சத்தம் குறைவு, தோளில் உதை இல்லை. வெளிநாட்டில் முயல், எலி, காக்கை அடிக்கிற விவசாயிகள் இதை விரும்புவது இதனால்தான். இதில் போல்ட் வகை என்றால், ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் கையால் தாழ்ப்பாளைத் திறந்து, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, மூடினால்தான் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். செமி ஆட்டோமேட்டிக் என்றால், வெடித்த வேகமே பழைய கூட்டை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிவிடும். விரலை எடுத்து எடுத்து அழுத்தினால் போதும். அழுத்துக்கு ஒரு குண்டு.

செமி ஆட்டோமேட்டிக்குக்கு நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தானியக் கிடங்கில் ஓடுகிற எலியை, புல்வெளியில் சிதறுகிற முயலைச் சுடுகிறவனுக்கு இரண்டாவது குண்டு சீக்கிரம் வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நம் வரப்பில் நின்று யோசியுங்கள். ராத்திரி. டார்ச் வெளிச்சம். வரப்பு வழுக்குகிறது. ஒரு குண்டு சுட்டாகிவிட்டது. செமி ஆட்டோமேட்டிக் கையில் இருந்தால் அடுத்த குண்டு ஏற்கெனவே குழலில் ஏறி, விரலுக்காகக் காத்திருக்கிறது. பன்றி ஓடுகிறது, சுட்டவரும் பின்னால் ஓடுகிறார், கால் சறுக்குகிறது. அந்தக் குண்டு எங்கே போகும்? போல்ட் ரைபிள் என்றால் தாழ்ப்பாளை இழுக்காதவரை அது வெறும் இரும்புக் கம்பி. திறந்து வைத்தால் குழல் காலி என்று எதிரில் நிற்கிற ஆளுக்கும் கண்ணால் தெரியும். ராணுவத்தில் இருந்த நம் உறுப்பினர் இதைத்தான் சொன்னார். "முதல் குண்டு நீங்க பாத்துச் சுட்டது. ரெண்டாவது குண்டு பயம் சுட்டது" என்றார்.

இன்னொன்று, தோட்டா. போல்ட் ரைபிள் நல்ல தோட்டா, மட்டமான தோட்டா, வேகம் குறைந்த தோட்டா எல்லாவற்றையும் சுடும், ஏனென்றால் ஏற்றி இறக்குவது நம் கை. செமி ஆட்டோமேட்டிக் அப்படி இல்லை. தோட்டாவின் வேகம் குறைந்தால் கூடு வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். பாயிண்ட் 22-ன் ஈயமும் மெழுகும் கரியும் உள்ளே படியப் படிய மக்கர் பண்ணும். மாட்டிக்கொண்ட தோட்டாவை இருட்டில் நோண்டி எடுப்பவர் குழலை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறோம். டீசல் எஞ்சினைத் துடைக்கவே நேரமில்லாத நம் ஆட்கள் தினம் இதைக் கழற்றித் துடைப்பார்களா?

தம்பி சொன்ன நாடுகளின் கதையையும் முழுதாகப் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த வருடமே அந்நாட்டு அரசுகள் சேர்ந்து சட்டத்தை மாற்றின. போல்ட் வகை பாயிண்ட் 22 சாதாரண லைசென்சில் நின்றது. செமி ஆட்டோமேட்டிக் பாயிண்ட் 22 தனி வகைக்குப் போனது. விவசாயம் போலத் தொழில் தேவையைக் காட்டினால்தான் கிடைக்கும், அதுவும் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத பெட்டியோடு. நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக்குகளைத் தடை செய்தார்கள். பத்துத் தோட்டாவுக்கு உட்பட்ட பாயிண்ட் 22-ஐ விவசாயியை நினைத்து விட்டு வைத்தார்கள். ஆக, கண் எட்டுகிற தூரத்துக்கு வீடே இல்லாத பெரும் பண்ணைகள் கொண்ட நாடுகளே இதை யோசித்து யோசித்துத்தான் கொடுக்கின்றன.

நம் ஊர் எப்படி இருக்கிறது? உழவர்கரை என்று பெயர். பெயரில் உழவர் இருக்கிறார், கரையும் இருக்கிறது, வயலைத்தான் பிளாட் போட்டு விற்றாயிற்று. மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் வரை ரோட்டோரம் வீடும் கடையும் பள்ளிக்கூடமும்தான். உள்ளே தள்ளி மிச்சமிருக்கிற நிலத்தில்தான் நாம் பயிர் வைக்கிறோம். பாயிண்ட் 22 சின்னக் குண்டு என்றோம். அந்தச் சின்னக் குண்டு தூக்கிச் சுட்டால் ஒன்றரை மைல், அதாவது இரண்டரை கிலோ மீட்டர் அளவுக்குப் போகும். கல்லிலோ, தேங்கிய தண்ணீரிலோ பட்டால் தெறித்துத் திசை மாறும். மலை இல்லை, மேடு இல்லை, குண்டைத் தாங்க மண் அணை இல்லை. மூலக்குளத்தில் நின்று இரண்டரை கிலோ மீட்டருக்கு வட்டம் போட்டுப் பாருங்கள். உங்கள் மகள் படிக்கிற பள்ளிக்கூடம் அதற்குள் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் குண்டு பன்றியைக் கொல்லுமா என்றால், கொல்லாது. இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வளர்ந்த காட்டுப்பன்றியின் தோள்பட்டையில், அதிலும் ஆண் பன்றிக்கு, தடித்த கெட்டித் தோல் கவசம் போல இருக்கும். பாயிண்ட் 22 குண்டின் சக்தி பன்னிரண்டு போர் துப்பாக்கியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்தில் நின்று மூளையில் பட்டால் விழலாம். ராத்திரி ஐம்பது கெஜத்தில் ஓடுகிற பன்றிக்குக் காயம்தான் ஆகும். காயம்பட்ட பன்றி கரும்புக்குள் போய்ப் படுக்கும். மறுநாள் விடியற்காலை அந்தக் கரும்பை வெட்ட இறங்குவது யார்? துப்பாக்கி வைத்திருந்தவர் அல்ல. கூலிக்கு வந்த அம்மாக்கள்.

எலிக்கு என்றாலோ ரைபிள் வேண்டவே வேண்டாம். தஞ்சாவூர் கிட்டி இருக்கிறது, வயலில் நட்டு வைக்கிற ஆந்தைக் குச்சி இருக்கிறது, வளை தோண்டிப் பிடிக்கிற இருளர் இருக்கிறார்கள். 2016-ல்தான் புதுச்சேரியில் இருளருக்குப் பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்தது. அவர்களுக்கு நாள் கூலியை நியாயமாகக் கொடுத்தாலே எலி பாதி குறையும் என்பது எங்கள் அபிப்பிராயம். மயிலைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தேசியப் பறவை, முதல் அட்டவணை. பயிரைத் தின்கிறது என்ற காரணத்துக்காக அதைச் சுடச் சட்டத்தில் வழியே இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இதைத் தம்பிகள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் விவசாயிக்கென்று ஒரு இடம் உண்டு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும் என்று இருக்கிறது. அது போதாது என்று லைசென்ஸ் அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரி இல்லாத வேறு துப்பாக்கிக்குக் கொடுக்கலாம். அதாவது பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் வகையறா. பாயிண்ட் 22 ரைபிள் அந்தப் பிரிவில் வேறு வரியில் வருகிறது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினர் குறி பார்த்துப் பழகுவதற்கு! பயிருக்கு அல்ல. செமி ஆட்டோமேட்டிக்கோ ஆயுத விதிகளின் அட்டவணையில் முதல் வகையில், தடை செய்யப்பட்ட ஆயுதங்களோடு ஒரே வரிசையில் நிற்கிறது. கலெக்டர் நினைத்தாலும் நம் வரப்புக்கு அது வராது. வராத ஒன்றைக் கேட்டுத் தீர்மானம் போட்டு, ஊர்வலம் போய், 'விவசாயிகள் செமி ஆட்டோமேட்டிக் கேட்கிறார்கள்' என்று பேப்பரில் செய்தி வந்தால், அடுத்த நாள் நம் கரும்புப் பணக் கோரிக்கையை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. பல பேருக்குத் தெரியாதது. ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியை அந்த அரசு 2014-ல் அறிவித்தது. நல்ல காரியம், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? சரணாலயத்திலிருந்து பத்து கிலோ மீட்டர் சுற்றளவுக்குள், தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிதாக எந்தத் துப்பாக்கி லைசென்சும் வழங்கக் கூடாது. மூலக்குளம், வில்லியனூர் எல்லாம் அந்த வட்டத்துக்குள். ஆக, இங்கே நாட்டுத் துப்பாக்கி கேட்டு மனுப் போட்டால்கூட வனத்துறை தலையசைக்காமல் கலெக்டர் கையெழுத்துப் போட முடியாது.

சரி, லைசென்சும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பன்றியைச் சுடலாமா? கூடாது! துப்பாக்கி வைத்திருக்க ஒரு சட்டம், பன்றியைச் சுட வேறு சட்டம். 2022 திருத்தத்துக்குப் பிறகு, 2023 ஏப்ரல் 1 முதல், காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உத்தரவு இல்லாமல் சுட்டால் மூன்று வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செத்த பன்றி அரசாங்கச் சொத்து. கறி வைத்திருந்தாலும் குற்றம். பன்றி மேலே பாய்ந்து உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியில்லாமல் கொன்றால் அது குற்றமில்லை என்று சட்டம் சொல்கிறது. மல்லாட்டையைக் காக்கக் கொன்றேன் என்றால் அந்த விலக்கு செல்லாது. அதோடு, தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-ல் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 எண்ணிக்கை. நவரை அறுவடை முழுக்க அதற்குள் முடிந்துவிடும். பன்றிக்கு நடத்தை விதி கிடையாது.

ஆனால் அதே வன உயிரினச் சட்டத்தில் நமக்கு ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது. 11-ஆம் பிரிவு. இரண்டாம் அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ, சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ திருப்தி அடைந்தால், காரணம் காட்டி எழுத்து மூலமாக உத்தரவு போட்டு, அதைச் சுட ஒருவரை அனுமதிக்கலாம். சொத்து என்றால் என்ன என்பதற்குச் சட்டமே அடைப்புக்குறிக்குள் சொல்கிறது: எந்த நிலத்திலும் நிற்கும் பயிர் உட்பட! இதை எழுதியவர் யாரோ, வயலைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தோழர்களே! கேரளம் இந்தக் கதவைத்தான் தட்டியது. காட்டுப்பன்றியைத் தீங்கு விலங்காக அறிவியுங்கள் என்று மத்திய அரசிடம் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 62-ஆம் பிரிவின்படி பீகாருக்கு நீலான் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும், உத்தராகண்டுக்குக் காட்டுப்பன்றிக்கும், இமாசலத்துக்குக் குரங்குக்கும் 2015, 2016-ல் அப்படி அறிவித்த மத்திய அரசு, கேரளத்துக்குக் கொடுக்கவில்லை. பீகாரில் 2016-ல் ஐதராபாத்திலிருந்து ஆள் வந்து மொகாமா பக்கம் நூற்றுக்கணக்கில் நீலானைச் சுட்டுத் தள்ளியதும், அதை வைத்து மத்திய மந்திரிகள் இரண்டு பேரே பகிரங்கமாகச் சண்டை போட்டதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். கேரள அரசு காத்துக்கொண்டு நிற்கவில்லை. 2022 மே மாதம் பஞ்சாயத்துத் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் இவர்களுக்கே கௌரவ வன உயிரினக் காப்பாளர் என்ற பொறுப்பைக் கொடுத்து, பயிரை அழிக்கிற பன்றியைச் சுட உத்தரவு போடலாம் என்றது. சுடுவது லைசென்ஸ் உள்ள, பட்டியலில் பெயர் உள்ள ஆள். செத்ததை முறைப்படி புதைக்க வேண்டும். குறைகள் இருக்கின்றன, சுட ஆள் கிடைக்காத பஞ்சாயத்துகள் உண்டு. ஆனாலும் விவசாயி யாரிடம் போய் நிற்பது என்பதற்குப் பதில் இருக்கிறது.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழி எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோ மீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோ மீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் தள்ளி வந்தால் வனத்துறையே சுடலாம். கிராம அளவில் வி.ஏ.ஓ., வனக் காவலர், பஞ்சாயத்துத் தலைவர் அடங்கிய குழு. இதில் விவசாயி கையில் துப்பாக்கி இல்லை. பரவாயில்லை, சுடத் தெரிந்தவன் சுடட்டும்.

நம் கதை இங்கேதான் சிக்குகிறது. புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஆளுக்கொரு துண்டாகக் கிழித்து வைத்த வேட்டி அது. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் வில்லியனூர் கொம்யூன், அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். நம் உறுப்பினர் பலருக்கு இரண்டு பக்கமும் நிலம். தமிழ்நாட்டு உத்தரவு வரப்போடு நின்றுவிடும். பன்றி நிற்காது. அந்தப் பக்கம் விரட்டினால் இந்தப் பக்கம் வந்து படுக்கும். போதாக்குறைக்கு, கேரளத்து வழியானாலும் தமிழ்நாட்டு வழியானாலும் பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர் வேண்டும். நம் மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, பிறகு 2006-ல் நடந்தது. அப்போது வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தபின் வருடக்கணக்காக நாற்காலி காலியாகக் கிடந்த ஊர் நம்முடையது. பன்றிக்கு எதிராக மனு எழுதினால் 'பெறுநர்' என்று யார் பெயரைப் போடுவது?

ஆகவே நிர்வாகக் குழுவின் முடிவைச் சொல்லிவிடுகிறோம். ரைபிள் கேட்டுத் தீர்மானம் இல்லை. செமி ஆட்டோமேட்டிக்கும் இல்லை, போல்ட்டும் இல்லை. இரண்டில் எது என்று கேட்டால் போல்ட் என்று ராணுவக்காரர் பக்கம்தான் நிற்போம், ஆனால் கேட்கிற இடம் அதுவல்ல. தனிப்பட்ட முறையில் பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வேண்டும் என்கிறவர் 13-ஆம் பிரிவில் மனுப் போடட்டும். படிவம் நிரப்பச் சங்கம் உதவி செய்யும். பயிற்சிச் சான்று கேட்பார்கள், போலீஸ் அறிக்கை கேட்பார்கள், அதற்கும் தயாராக வர வேண்டும்.

சங்கம் கேட்பது இது. புதுச்சேரி அரசு 11-ஆம் பிரிவின் கீழ் தனக்கென்று ஒரு நடைமுறையை எழுத்தில் வெளியிட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத இடத்தில் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரா, தாசில்தாரா, வனச்சரகரா, யார் மனுவை வாங்குவது, யார் கையெழுத்துப் போடுவது, எத்தனை நாளில் என்பது அதில் இருக்க வேண்டும். சுடுவதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள், அவர்களுக்குப் பன்றிக்குத் தகுந்த துப்பாக்கி, சுடும் இரவில் அக்கம் பக்கத்துக்கு முன்கூட்டியே தண்டோரா. எல்லை வரப்புகளில் விழுப்புரம் வனத்துறையோடு ஒரே நாளில் சேர்ந்து இறங்க வேண்டும். அழிந்த பயிருக்கு அந்தப் பட்டத்திலேயே நஷ்டஈடு, அடுத்த வருடம் அல்ல. சோலார் வேலிக்கு மானியம்.

வேலி என்றதும் நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் நாம் சங்கம் நடத்துவதில் அர்த்தமில்லை. மோட்டார் கொட்டகையிலிருந்து நேராகக் கம்பி இழுத்துக் கொல்லையைச் சுற்றிக் கட்டுகிறவர்கள் உண்டு. இலவச மின்சாரம் நாம் போராடி வாங்கியது, பக்கத்துக் காட்டுக்காரனைக் கொல்வதற்கு அல்ல. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் பன்றிக்குப் போட்ட கம்பியில் மூன்று யானைகள் மாட்டிச் செத்தன. நிலத்துக்காரர் கைதானார். பக்கத்தில் நின்ற இரண்டு குட்டிகளை நாடே டி.வி.யில் பார்த்தது. அங்கே யானை. இங்கே ராத்திரி தண்ணீர் மடை திருப்பப் போகிற மனிதன். சோலார் வேலி விட்டு விட்டு ஒரு கணம் மட்டும் உதைக்கும், ஆளைக் கொல்லாது. வீட்டுக் கரண்ட் பிடித்த கையை விடாது. அவுட்டுக்காயும் அப்படித்தான். பன்றிக்கு வைத்த வெடியை மாடு கடித்தால் தாடை கிழிந்து, தீனி தின்ன முடியாமல் பட்டினியில் சாகும். இந்த இரண்டையும் செய்கிற உறுப்பினருக்காகச் சங்கம் ஸ்டேஷன் படி ஏறாது. இதைப் பொதுக்குழுவிலேயே சொல்லியாயிற்று, இங்கே எழுத்திலும் போடுகிறோம்.

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வழுதாவூர் சாலை கலெக்டர் அலுவலகம் முன்பு தர்ணா. பன்றி அழித்த நிலம் உள்ளவர்கள் பட்டா நகல், பயிர் வைத்த தேதி, அழிந்த பரப்பு, போட்டோ கொண்டு வாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம் உள்ளவர்கள் இரண்டு பட்டாவையும் கொண்டு வர வேண்டும், தனி மனு எழுதி வைத்திருக்கிறோம். பிடுங்கிப் போட்ட செடி இருந்தால் அதையும் சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள். மூலக்குளத்திலிருந்து வேன் எட்டரைக்குக் கிளம்பும்.